வெந்நீர் வைக்கச் சொன்ன ஆயா

பழைய தமிழ்ப் படங்களின் பிரசவக் காட்சி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். சாத்திய கதவு. வெளியே குறுக்கும் நெடுக்கும் நடக்கும் ஹீரோ. உள்ளேயிருந்து ஒரு கிழவி தலையை நீட்டி, "சீக்கிரம் வெந்நி கொண்டாங்க" என்பாள். கொஞ்ச நேரத்தில் ‘குவா குவா’. கிழவி மறுபடி வெளியே வந்து, "சிங்கக்குட்டி பொறந்திருக்கு" என்பாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. அவளுக்குக் கதையில் பெயர் கிடையாது. டைட்டிலிலும் பெரும்பாலும் கிடையாது. வெந்நீர் எதற்கு என்று எந்த டைரக்டரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பின்னால் ஆஸ்பத்திரி வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "தாய், குழந்தை ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்" என்று வசனம் பேசினார். கிழவி காணாமல் போனாள்.

நம் சுகாதாரத் துறையும் கிட்டத்தட்ட இதே திரைக்கதையைத்தான் எழுதியிருக்கிறது. இந்த வாரம் அதைக் கொஞ்சம் விமர்சனம் செய்யலாம் என்று உத்தேசம். படத்தை அல்ல, துறையை.

உளுந்தூர்பேட்டையில் திரும்பி சேலம் ரோட்டில் போகிறவர்கள் எலவனாசூர்கோட்டையைக் கடந்திருப்பீர்கள். நெடுஞ்சாலை ஊர். பஸ் உண்டு, லாரி உண்டு, போன் செய்தால் 108 வரும். 2008 செப்டம்பரில் அந்த வண்டி வந்தபிறகு இந்த மாதிரி ரோட்டோர ஊர்களில் ‘வீட்டில் பிரசவம்’ என்ற பேச்சே போய்விட்டது. இதே ரோட்டில் மேற்கே போனால் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பரில் அது தனி மாவட்டத்தின் தலைநகர் ஆனது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் கல்வராயன் மலை, வெள்ளிமலை, மலையாளிப் பழங்குடிகளின் சிற்றூர்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்துத்தான் அந்த மலைக்கு விடுதலை! 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபது பேருக்கு மேல் பலி வாங்கிய பிறகு, கல்வராயன் மலை மக்களுக்கு அடிப்படை வசதிகள் இருக்கிறதா என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஒரு மலையின் ரோடும் ஆஸ்பத்திரியும் பேசப்படுவதற்கு மலையடிவாரத்தில் இத்தனை சாவு விழ வேண்டியிருந்தது.

ஆக, ஒரே மாவட்டம், ஒரே பிரசவ வலி. ரோட்டோரத்தில் ஒரு கணக்கு, மலைமேல் வேறு கணக்கு.

இந்தப் பக்கத்து ஊர்களில் எழுபதைத் தாண்டிய யாரிடமாவது "நீங்க எங்க பொறந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரி பெயர் வராது. ஓர் ஆயாவின் பெயர் வரும். சமவெளியில் அவள் பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண். அந்தச் சாதிக்கே ‘மருத்துவர்’ என்று பெயர் இருந்தது, அவள் மருத்துவச்சி. புருஷன் முடி வெட்டுவான், சாவு வீட்டில் சடங்கு செய்வான். பெண்டாட்டி பிரசவம் பார்ப்பாள். ஊர் உலகத்துக்கு வருவதும் போவதும் ஒரே குடும்பத்தின் கையால்தான். ஆனால் திண்ணையைத் தாண்டி உட்காரச் சொல்ல மாட்டார்கள். கூலி கொஞ்சம் நெல், ஒரு புடவை, வெற்றிலை பாக்கு. மலையில் சாதி அடுக்கு இந்த மாதிரி இல்லை. வயதில் மூத்த சொந்தக்காரப் பெண்ணே பார்ப்பாள்.

அவளுக்கு என்ன தெரிந்திருந்தது? நிறைய. வந்திருப்பது சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பாள். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும், பிள்ளை வலி என்றால் ஏறும். வயிற்றைத் தடவிப் பார்த்தே தலை எந்தப் பக்கம் என்று சொல்வாள். மல்லாக்கப் படுக்க வைக்க மாட்டாள். நடக்கச் சொல்வாள், குத்துக்காலிட்டு உட்கார வைப்பாள், உத்தரத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். பெண்ணை நடமாட விடுங்கள், அவள் விரும்பும் நிலையில் இருக்கட்டும், விரும்பும் துணை பக்கத்தில் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆயா அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ரொம்ப உருக வேண்டாம். தெரியாததும் நிறைய. தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்துச் சாம்பலோ சாணியோ வைத்த கைகளும் இவைதான். பிறந்து ஒரு வாரத்தில் குழந்தை வாய் இறுகி, வில்லாக வளைந்து செத்தால் ‘தோஷம்’ என்றார்கள். அது டெட்டனஸ். பிள்ளை வரத் தாமதமானால் வயிற்றின் மேல் அழுத்துவார்கள். கருப்பை கிழிந்த கதைகள் உண்டு. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் தாயின் உயிர் போய்விடும். ஆயாவிடம் அதற்கு ஒன்றும் கிடையாது, சாமியைக் கும்பிடுவதைத் தவிர. ஜன்னி கண்டாலும் அப்படித்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்வராயனின் மறுபக்கம் சேலம் மாவட்டம். அங்கேதான் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பிக்க வேண்டி வந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்று வீடு முடிவு செய்தபோது, சில இடங்களில் அதை நிறைவேற்றிய கையும் இதே கைதான். வீட்டுக்கு எதிராகப் பேசும் தைரியமோ அந்தஸ்தோ நெல்லும் புடவையும் வாங்குகிறவளுக்கு ஏது?

1946ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் பிரசவத்தில் சாவதாகச் சொன்னது. லட்சம் பிரசவத்துக்கு 2,000 சாவு. தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி அது 54. வீட்டுப் பிரசவம் ஒழிந்தது, கிராம சுகாதார நர்ஸ், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், ரத்த வங்கி, ஒவ்வொரு தாயின் சாவையும் விசாரிக்கும் ஏற்பாடு – இவையெல்லாம் சேர்ந்து செய்த காரியம் இது. கொண்டாட வேண்டிய சாதனை. இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

என் சண்டை வேறு.

நான் படித்தது பி.காம். அக்கவுண்டன்சியில் ‘குட்வில்’ என்று ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரு கடையை வாங்கும்போது கல்லா, அலமாரி, சரக்குக்கு மேலே, அந்தக் கடைக்கு ஊரில் இருக்கும் நல்ல பேருக்கும் ஒரு விலை போட வேண்டும். அரசாங்கம் மருத்துவச்சியின் மொத்த வியாபாரத்தையும் எடுத்துக்கொண்டது. குட்வில்லுக்கு அது போட்ட விலை பூஜ்யம்.

எப்படி என்று பார்க்கலாம். போர் கமிட்டி ஊர் தாயிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பயன்படுத்தலாம் என்றது. ஆனால் ‘போதுமான மிட்வைஃப்கள் வரும் வரை’ என்று ஒரு வால் சேர்த்தது. அந்த ‘வரை’தான் அவள் தலையெழுத்து. 1977ல் கிராம சுகாதாரத் திட்டம் வந்தபோது ஆயிரம் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற தாயி என்றார்கள். 30 நாள் பயிற்சி, 300 ரூபாய் உதவித்தொகை. முடித்தால் ஒரு சர்டிபிகேட், ஒரு பிரசவப் பெட்டி. ஐந்து சுத்தம் சொல்லிக்கொடுத்தார்கள்: கை, தரை, பிளேடு, கொடி கட்டும் நூல், வெட்டிய கொடி எல்லாம் சுத்தம், கொடியில் எதுவும் தடவாதே. நல்ல பாடம். பார்த்த பிரசவத்தைத் துணை சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால், ஒன்றுக்குப் பத்து ரூபாய்! ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தரோடு போய், விடிய விடிய உட்கார்ந்து, மறுநாள் நடந்து போய்ப் பதிவு செய்தால் பத்து ரூபாய். எந்தக் கணக்குப்பிள்ளையும் இதை ஊதியம் என்று எழுத மாட்டான்.

பெட்டியில் பிளேடு தீர்ந்தால் அடுத்து யார் தருவது, சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, கூட்டிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியில் உள்ளே விடுவார்களா – இந்தக் கேள்விகளுக்கெல்லாம் திட்டத்தில் சரியான பதில் இல்லை. இருபது வருஷம் கழித்து, 1997ல் கொழும்பில் உலக நிபுணர்கள் கூடினார்கள். பாரம்பரிய மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்ததால் தாய்மார் சாவு குறையவில்லை, இனி திறன்பெற்ற பணியாளர்கள்தான் என்று திசையை மாற்றினார்கள். முடிவு சரி. ஆனால் ஃபெயில் ஆனது யார்? ரத்தம் ஏற்றத் தெரியவில்லை என்று ஆயாவை ஃபெயில் ஆக்கினார்கள். ரத்தம் இருக்கும் இடத்துக்கு அவளோடு ஒரு ரோடும் வண்டியும் இணைக்காதவர்கள் எல்லாரும் பாஸ்.

இணைத்துப் பார்த்த இடங்களும் உண்டு. பாகிஸ்தானில் சிந்து மாகாணம் லர்கானாவில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் பிரசவப் பெட்டியும் கொடுத்து, அரசு சுகாதாரப் பெண் ஊழியர்களோடு கோத்துவிட்டார்கள். 2005ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது: பிறக்கும் தறுவாயிலும் பிறந்த ஒரு வாரத்துக்குள்ளும் குழந்தைகள் சாவது சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. தாய்மார் சாவில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதாவது, குழந்தையைக் காப்பாற்ற அவளால் உதவ முடிகிறது. தாயைக் காப்பாற்ற ஆஸ்பத்திரி வேண்டும். எவ்வளவு தெளிவான வேலைப் பிரிவினை!

மலேசியாக்காரர்கள் இதைக் காகிதத்தில் படிக்காமலே செய்தார்கள். கிராமத்து ‘பிடான்’களைத் துரத்தவில்லை. பதிவு செய்தார்கள், கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள், அரசு மிட்வைஃபோடு சேர்ந்து போகச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரசவம் பார்ப்பது அரசு மிட்வைஃப் கைக்குப் போனது. எண்ணெய் தேய்ப்பது, வயிறு கட்டுவது, பத்தியம், பிரார்த்தனை பிடான் கையில் தங்கியது. யாருக்கும் மானம் போகவில்லை. சாவு குறைந்தது. இலங்கை வேறு வழி போனது. ஒன்றரை வருஷம் பயிற்சி பெற்ற குடும்பநல உத்தியோகத்தரைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு 3,000 பேருக்கும் ஒருத்தராக வீடு வீடாக அனுப்பியது. 1930களில் லட்சத்துக்கு 2,000க்கு மேல் இருந்த தாய்மார் சாவை 1970களில் கிட்டத்தட்ட நூறுக்குக் கொண்டுவந்தது. ஏழை நாடாக இருந்தபோதே!

நாம் எப்படிச் செய்தோம்? 2005ல் ஜனனி சுரக்ஷா யோஜனா. ஆஸ்பத்திரிக்கு வந்தால் பணம். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி 2006ல் 6,000, பிறகு 12,000, 2018ல் 18,000 ரூபாய் ஆனது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். பலே!

அதே ஆய்வில் அடுத்த வரியையும் படியுங்கள். சிசேரியன் 44.9 சதவீதம். தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் கூடுதலாக உயிர் காப்பாற்றப்படுவதாகத் தெரியவில்லை என்று 2015ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தனியாரில் மூன்று பெண்களில் இருவருக்குக் கத்தி! நல்ல நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை பார்த்து, டாக்டரின் டூட்டி நேரம் பார்த்துப் பிள்ளை பிறக்கிறது. ஆயா காலத்தில் பிள்ளை வருவதற்காக மனுஷர்கள் காத்திருந்தார்கள். காத்திருப்பதற்கு இப்போது பில் போட முடியாது. ஆபரேஷனுக்குப் போடலாம்.

அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு புத்தகம் இருக்கிறது. சிசிலியா வான் ஹோலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 90களின் நடுவில் சென்னை நொச்சிக்குப்பத்திலும், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் தாய்மார்களோடு பேசி எழுதி 2003ல் வெளியிட்ட ‘பர்த் ஆன் தி த்ரெஷோல்ட்’. நம் பெண்களின் பிரசவத்தைப் பற்றி நாம் எழுதியிருக்க வேண்டிய புத்தகம். வலி வரவழைக்கும் மருந்தை அங்கே தாராளமாக ஏற்றினார்கள். வலி குறைக்கும் மருந்து ஏழைகளுக்குக் கிடையாது. பெண்களும் வலியை சக்தி என்று நம்பி ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். திட்டு, அடி, ஆயாவிலிருந்து வாட்ச்மேன் வரை மாமூல், பிரசவம் முடிந்த கையோடு சொல்லாமல் கொள்ளாமல் மாட்டிவிடும் லூப். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வராததற்கு மூடநம்பிக்கை காரணம் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்கள் சொன்ன காரணம் மரியாதை. புத்தகத்தின் களம் நகரமும் நகர ஓரமும்தான், மலை அதில் இல்லை. ஆனாலும் கல்வராயன் பெண் ஏன் கீழே இறங்கத் தயங்குவாள் என்பதற்கு அதில் பாதி விடை இருக்கிறது. (ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? ஊரில் ‘ஆயா’ என்றால் பிரசவம் பார்த்த பாட்டி. ஆஸ்பத்திரியில் ‘ஆயா’ என்றால் தரை துடைப்பவர். ஒரே வார்த்தையின் சம்பள விகிதம்!)

இந்த மரியாதை விஷயத்தை நாம் கவனிக்காமல் விட்ட இடைவெளியில் புகுந்தவர்கள்தான் யூடியூப் மருத்துவச்சிகள். 2018 ஜூலையில் திருப்பூரில், வீட்டிலேயே வீடியோ பார்த்துப் பிரசவம் பார்த்ததில் படித்த பெண் ஒருத்தி ரத்தப்போக்கில் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைதானார். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் பக்கம் வாட்ஸ்அப் குழு யோசனைப்படி ஒரு வீட்டுப் பிரசவம், போலீஸ் புகார். இவர்கள் ‘பாட்டி வைத்தியம்’ என்கிறார்கள். எந்தப் பாட்டி? ஆயாவுக்கு ஆயிரம் பிரசவம் பார்த்த விரல்கள் இருந்தன. பார்த்த சாவுகளும் இருந்தன, அதனால் பயமும் இருந்தது. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் புருஷனுக்கு இரண்டும் கிடையாது. ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷத்தில் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரி கிடைக்காததால் கல்வராயனில் நடந்ததை ‘இயற்கை’ என்று கொண்டாடுவது, பசியில் கிடப்பவனைப் பார்த்து ‘என்ன அருமையான டயட்’ என்பது போல.

அரசாங்கத்துக்கு மருத்துவச்சியின் ஞாபகம் வராமலும் இல்லை. கர்நாடகத்தில் பாவகடா பக்கத்து சூலகிட்டி நரசம்மாவுக்கு 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தது. 15,000 பிரசவங்கள், காசு வாங்காமல். அதே வருஷம் டிசம்பரில் 98 வயதில் அவர் காலமானார். அதே டிசம்பரில் மத்திய அரசு ‘மிட்வைஃபரி’ வழிகாட்டுதல்களை வெளியிட்டது: ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கு 18 மாதப் பயிற்சி, சாதாரணப் பிரசவங்களை அவர்களே பார்ப்பது. நல்ல திட்டம், சிசேரியன் வெள்ளத்துக்கு ஓர் அணை. ஆனால் பாருங்கள், வார்த்தை மட்டும் வண்டி ஏறித் திரும்பி வந்துவிட்டது, அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரியைக் காணோம். 2023ல் யுனெஸ்கோ மருத்துவச்சிக் கலையை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விண்ணப்பித்தவர்கள் ஜெர்மனி, கொலம்பியா, நைஜீரியா உள்ளிட்ட எட்டு நாடுகள். இந்தியா அதில் இல்லை.

இனி என்ன செய்யலாம்? ஆயாவைப் பிரசவம் பார்க்கச் சொல்லவில்லை. அந்தக் காலம் முடிந்தது, முடிந்ததே நல்லது. 1980ல் குவாதமாலாவில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். கூட்டமான அரசு ஆஸ்பத்திரி. முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு, முன்பின் தெரியாத ஒரு சாதாரணப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதுகைத் தேய்ப்பாள், கையைப் பிடித்துக்கொள்வாள், பேசுவாள், அவ்வளவுதான். சிக்கலில்லாத பிரசவங்களில், தனியாகக் கிடந்தவர்களுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்க சராசரி 19.3 மணி நேரம். துணை இருந்தவர்களுக்கு 8.7. ஆளே தெரியாதவள் பக்கத்தில் இருந்ததற்கே இது! தமிழ்நாடு அரசும் லேபர் வார்டில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று 2000களிலேயே அனுமதித்தது. காகிதத்தில் இருக்கும் அந்தத் துணைக்கு, வலி என்றால் என்னவென்று அறிந்த ஒருத்தியைவிடப் பொருத்தமானவர் யார்?

கல்வராயன் மாதிரி மலைகளில் இது இன்னும் அவசரம். பிரசவச் சாவுக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்பார்கள்: கிளம்ப முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் கவனிப்பதில். இரண்டாவது தாமதத்துக்கு ரோடும் வண்டியும். மூன்றாவதற்கு டாக்டரும் ரத்தமும். முதலாவதற்கு? மாமியார் ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று சொல்லும் நடு ராத்திரியில், "வேணாம், கெளம்பு, எனக்குப் பயமா இருக்கு" என்று ஊர் மதிக்கிற ஒரு வாய் சொன்னால் கிளம்புவார்கள். நர்சம்மா சொன்னாலும் கிளம்புவார்கள்தான், அந்த ராத்திரியில் அவர் அந்த ஊரில் இருந்தால். மலைப்பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 3,000 பேர் என்பது விதி. அந்த மூவாயிரம் பேர் எத்தனை குன்றில் சிதறிக் கிடக்கிறார்கள் என்று விதிக்குத் தெரியாது.

மலைவாழ் கர்ப்பிணிகள் நாள் நெருங்கியதும் முன்கூட்டியே வந்து தங்க, பிரசவக் காத்திருப்பு அறை என்று தமிழக மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஏற்பாடு உண்டு. அருமையான யோசனை. ஆனால் வீட்டில் ரெண்டு பிள்ளை, ஆடு, கொல்லையில் வேலை இதையெல்லாம் விட்டுவிட்டு, தெரியாத இடத்தில் தனியாகப் பத்து நாள் போய் எந்தப் பெண் உட்காருவாள்? கூட அவள் நம்புகிற ஆயா வந்தால் உட்காருவாள். அந்த ஆயாவுக்குப் போக வர பஸ் சார்ஜ், தங்கும் நாளுக்குச் சாப்பாடு, ஒரு நாள் கூலி, கழுத்தில் தொங்க ஓர் அடையாள அட்டை, லேபர் வார்டுக்குள் உட்கார ஒரு ஸ்டூல். ஒரு சிசேரியனுக்குத் தனியார் ஆஸ்பத்திரி போடும் பில்லில் எத்தனை ஆயாக்களுக்கு ஸ்டூல் போடலாம் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.